கடைசி அத்தியாயம் குறித்து என் விளக்கம்

ஏப்ரல் மாதத்தில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். போன ஞாயிற்றுக்கிழமை பத்ரி வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து நான் வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பழக்கமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. இந்தக் காகிதத்தில் இனி வரப்போவதும் உண்மைதான். முப்பத்தேழு வருஷம் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டி, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ கோப்புகளில் குறிப்பு எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூடப் பொய்யாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்ரி என்னிடம் கேட்டிருப்பது ஒரு சின்ன விளக்கம். நாம் எட்டு மாதமாக வாசித்த துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை நான் ஏன் மாற்றிப் படித்தேன் என்பது. கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் பிற்காலத்தில் இந்தக் காகிதம் யார் கையிலாவது கிடைத்தால் தலையும் வாலும் புரிய வேண்டுமல்லவா? அதனால் கோப்பில் எழுதுகிற மாதிரி முதலிலிருந்தே சொல்கிறேன்.

லோதி ரோட்டில் பத்ரியின் சர்க்கார் வீட்டில் ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்கு எட்டுப் பேர் கூடுகிறோம். என்னைத் தவிர மற்ற ஏழு பேரும் டில்லியிலேயே பிறந்தவர்கள். தமிழில் பேசுவார்கள், தமிழில் சண்டை போடுவார்கள், சாம்பாரில் புளி போதவில்லை என்றால் தமிழில் முணுமுணுப்பார்கள். படிக்க மட்டும் வராது. கரோல் பாகில் வளர்ந்த பத்ரி தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது என்பான். மத்திய சர்க்காரில் டெபுடி செக்ரட்டரி அவன். ஆகவே நான் படிப்பேன், அவர்கள் கேட்பார்கள். நான் எதைப் படிக்கிறேனோ அதுதான் புத்தகத்தில் இருக்கிறது என்று நம்பினார்கள். சர்க்கார் உத்தியோகத்தில்கூட எனக்கு இவ்வளவு அதிகாரம் இருந்ததில்லை.

புத்தகம் என்னுடையது. தரியாகஞ்ச் பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது. அட்டை போய்விட்டதால் பெயரும் தெரியாது, எழுதியவர் யார் என்றும் தெரியாது. ஒரு ஜமீன் மாளிகையில் மரகதப் பதக்கம் காணாமல் போகிறது. வீட்டில் வேலை செய்யும் அஞ்சலை என்கிற பெண்மேல் எல்லாருக்கும் சந்தேகம். துப்பறிகிறவர் ஒருவர் வருகிறார். அவருக்குக் கூடவே இருந்து உதவுகிறவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர், பெரிய மனிதர், பூஜை புனஸ்காரம் உள்ளவர். கடைசி அத்தியாயத்தில் அந்த ஜட்ஜ் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, நான்தான் எடுத்தேன், அஞ்சலையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தூக்கம் போய்விட்டது, என்று சொல்லிக் கைகூப்புகிறார். இதுதான் நூலாசிரியர் எழுதியது.

நான் படித்தது வேறு. என் வாசிப்பில் பதக்கம் அஞ்சலையின் தலையணைக்குள்ளிருந்து வந்தது. ஜட்ஜ் அவளுக்கு நல்ல புத்தி சொல்லி அனுப்பிவைத்தார். நடையெல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தயார் செய்ததற்கு மோசமில்லை என்று நினைக்கிறேன்.

யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த ஆராயி வாயைத் திறந்தாள். ஆராயி பத்ரியின் வீட்டில் வேலை செய்கிறவள், சின்னசேலம் பக்கத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"அது அப்படி இல்லீங்களே, அய்யா."

"எது?" என்றேன்.

"அஞ்சல எடுக்கலீங்க. ஜட்ஜய்யாதான் எடுத்தாரு. பொஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

பத்ரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "அரே! உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"ஊருல எட்டாவது வரைக்கும் படிச்சேன் சார். இங்க யாரும் கேக்கல, அதனால நானும் சொல்லல."

புத்தகம் அவன் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிடக் கூடாதென்று அந்த விதியைப் போட்டவனே நான். அலமாரியைத் துடைக்கிறவள் புத்தகத்தைத் திறப்பாள் என்று யோசிக்கவில்லை. எனக்கு மட்டுமென்ன, உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் வேண்டும் என்று எட்டு மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தோம். அவள் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே ஏங்கினோம்.

பத்ரி புத்தகத்தை அவள் கையில் கொடுத்தான். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை. பத்ரி விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, கையும் களவுமா மாட்டிண்டேள்! சீரியஸ் கேஸ் இது. எழுத்துபூர்வமா எக்ஸ்ப்ளனேஷன் குடுங்கோ. அடுத்த சண்டே ஆராயி அதை எல்லாருக்கும் வாசிப்பா. அச்சா?"

"அச்சா" என்றேன்.

ஆக இதை இப்போது படித்துக்கொண்டிருப்பது ஆராயி. ஆராயி, உன் பெயர் வருகிற இடங்களில் தயங்க வேண்டாம். மற்ற வார்த்தைகளோடு சேர்த்தே படித்துக்கொண்டு போ.

இனி விளக்கம். முதல் காரணம் இலக்கியம் சம்பந்தமானது. துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களுக்குக் குற்றவுணர்ச்சி என்றால் ஒரே பித்து. தப்புச் செய்தவன் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, முகம் வெளுக்கிறது, தூக்கம் போகிறது, கடைசியில் எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். இவர்கள் யாரும் ஒரு தப்பும் செய்யாத நல்லவர்கள் என்று தெரிகிறது, பாவம். நடைமுறையில் அப்படியெல்லாம் இல்லை. தூக்கம் நன்றாக வரும். பசிக்கும். பேப்பரில் குறுக்கெழுத்துப் போடலாம். ஜட்ஜ் மாதிரி அந்தஸ்துள்ள மனிதர் ஒரு வேலைக்காரியின் முகத்தைப் பார்த்து உடைந்துபோனார் என்று என் வாயால் படிக்க எனக்கு இஷ்டமில்லை. அது நம்பும்படி இல்லை.

இரண்டாவது காரணம், நீங்கள். கடைசி அத்தியாயத்துக்கு முன் வழக்கப்படி ஆளுக்கொரு சீட்டில் குற்றவாளியின் பெயரை எழுதிப் போட்டோம். எட்டில் ஏழு சீட்டில் அஞ்சலை. வைஷ்ணவி மட்டும் ஜட்ஜ் என்று எழுதியிருந்தாள். அவள் எப்போதுமே கொஞ்சம் ஏட்டிக்குப் போட்டி. மெஜாரிட்டிக்கு வேண்டியதைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அந்த ஏழில் என் சீட்டும் ஒன்று என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் இத்தனை உறுதியாகப் பேச உனக்கென்ன அனுபவம் என்று கேட்கலாம். கொஞ்சம் உண்டு.

என் மனைவி ருக்மிணி நாலு வருஷத்துக்கு முன் காலமானாள். அவளுடைய ஏழுகல் வைரத்தோடு மருமகள் ஜ்யோத்ஸ்னாவுக்கு என்று ஆயிற்று. ஒரு தோட்டில் திருகு தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்தால் குழந்தை சந்தோஷப்படுமே என்று, மறு வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள், அலமாரியிலிருந்து தோடுகளை எடுத்துக்கொண்டு நான் கரோல் பாகுக்குக் கிளம்பினேன். கிட்வாய் நகரிலிருந்து மெட்ரோவில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாத நிலைமை. அதற்கு முந்தின மாதம்தான் மெட்ரோவில் கண்ணயர்ந்து கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டேன். போனும் அணைந்துவிட்டது. வீட்டில் நாலு மணி நேரம் தேடியிருக்கிறார்கள். "அப்பா, இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா உங்களைத் தனியா வெளில விடமாட்டோம்" என்று ஜ்யோத்ஸ்னா அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். என் மகன் மாதவ் தலையை ஆட்டினான். ருக்மிணி போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஊர் சுற்றல் ஒன்றுதான். அது போய்விட்டால் பால்கனியில் உட்கார்ந்து புறாக்களை விரட்ட வேண்டியதுதான்.

கரோல் பாகில் இறங்கினால் கடையெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. அன்றைக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமை கரோல் பாக் விடுமுறை என்பது டில்லியில் எல்லாருக்கும் தெரியும். நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு அதை மறந்தேன். திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தோடு ஞாபகம் வந்து தேடினால், கால்சட்டைப் பையிலும் இல்லை, துணிப்பையிலும் இல்லை. மெட்ரோவில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ருக்மிணி இருந்திருந்தால் நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே பைகளைத் துழாவியிருப்பாள். அவள் இல்லாத குறை எனக்கு எல்லா நாளும் உண்டு. அந்த வாரம் அதிகமாக இருந்தது.

மார்ச் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஜ்யோத்ஸ்னா பெட்டியைத் திறந்தாள். பெட்டி காலி. வீடே அல்லோலகல்லோலப்பட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருப்பது பொய் சொல்வதாகாது. போலீசில் புகார் கொடுப்பதென்று மாதவ் தீர்மானித்தான்.

"அப்பா, நீங்களே டிராஃப்ட் பண்ணிடுங்கோ. உங்களுக்குத்தான் இந்த லாங்குவேஜ் வரும்."

எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியம் இப்படி வரும்: வீட்டாரைத் தவிர அலமாரிச் சாவி இருக்கும் இடத்தை அறிந்தவர், வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவரே. ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது. அதில் எந்தச் சொல் பொய், சொல்லுங்கள் பார்ப்போம். அவள் எடுத்தாள் என்று நான் எழுதவே இல்லை. அவள் பெயரைக்கூட எழுதவில்லை. பெயரை மாதவ் பிறகு பேனாவால் சேர்த்தான்.

ஆமாம், அந்தப் பெண் ஆராயிதான். பத்ரி வீட்டுக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள். ருக்மிணி படுக்கையில் கிடந்த ஐந்து மாதமும் அவளைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டது இவள்தான். ஆராயி, இந்த இடத்தில் குரல் கொஞ்சம் தாழ்ந்தால் பரவாயில்லை. ஆனால் நிறுத்திவிடாதே, இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.

போலீசார் அவளை இரண்டு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்து விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அந்த வகையில் நான் நிம்மதியாகவே இருந்தேன். மூன்றாம் நாள் அவள் வேலைக்கு வந்தபோது ஜ்யோத்ஸ்னா கதவைத் திறக்கவில்லை. எங்கள் பிளாக்கில் அவள் வேலை பார்த்த மற்ற நாலு வீட்டிலும், யாரும் ஒன்றும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராக ஆளை மாற்றிக்கொண்டார்கள். அவள் மகள் பிரபாவின் நர்சிங் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பெண் இப்போது வேறு எங்கோ பாத்திரம் தேய்க்கிறாளாம். படிப்பு நிற்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை.

இதுவரை நடந்ததை ஒரு தவறு என்று சொல்லலாம். வயசான மனிதன், மறதி, கொஞ்சம் கோழைத்தனம். இதோடு முடிந்திருந்தால் இந்தக் காகிதமே தேவையில்லை.

அந்த வருஷம் நவம்பரில் குளிர் ஆரம்பித்தது. ஹோலி சமயத்தில் கம்பளித் துணிகளையெல்லாம் ரசகற்பூர உருண்டையோடு கட்டிலுக்கு அடிப்பெட்டியில் போட்டு மூடுவதும், தீபாவளி முடிந்து வெளியே எடுப்பதும் டில்லியில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். என் கோட்டை எடுத்து உதறினேன். உள்பக்கத்தில், மேல்துணிக்கும் உள்ளே வைத்துத் தைத்த அஸ்தர் துணிக்கும் நடுவில், டிக்கெட் வைத்துக்கொள்கிற சின்னப் பை ஒன்று உண்டு. அதில் கை பட்டது. காகிதப் பொட்டலம். இரண்டு தோடும் இருந்தன. எட்டு மாதமும் ஜ்யோத்ஸ்னாவின் படுக்கைக்கு நேர் கீழேதான் இருந்திருக்கின்றன. சாயம் போய்விடுமென்று நான் கோட்டைச் சலவைக்கு விடுவதில்லை. பெட்டியில் போடுமுன் அவள் பையைப் பார்த்திருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காது. அந்த விதத்தில் அவளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் நான் அதை வற்புறுத்தவில்லை.

உடனே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் விஷயம் முடிந்துவிட்டது. புது ஆள் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, நன்றாகவே பெருக்கினாள். முடிந்துபோன கோப்பைத் திரும்பத் திறப்பதென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும், திறந்தால் முதல் கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும். அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாகச் சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. அது பொய்யாகிவிடும். நான் பொய் சொல்கிறவனில்லை. எங்கேயாவது எறிந்துவிடலாம் என்றால், ருக்மிணியின் காதில் நாற்பத்திரண்டு வருஷம் கிடந்தவை, கை வரவில்லை. எனவே அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கோட்டைப் பெட்டிக்குள் போக நான் விடுவதில்லை. வீட்டில் கழற்றி வைத்தால் ஜ்யோத்ஸ்னா ஒழுங்குபடுத்துகிறேன் என்று எடுத்துவிடுவாள். போட்டுக்கொண்டே இருப்பதுதான் பத்திரம். மே, ஜூன் மாதங்களில் கோட்டோடு நடமாட முடியாதென்பதால் வெளியே போவதையே விட்டுவிட்டேன். பால்கனியில் புறாக்கள் நிறைய வருகின்றன.

போன வருஷம் பத்ரி வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தது ஆராயி. எனக்கு அவள் அங்கே இருப்பது தெரியாது. பத்ரியைத் தனியாக அழைத்து, இவளைப் பற்றிக் கேள்விப்பட்டாயா என்று கேட்டேன். "தெரியும் மாமா. அவளே சொல்லிட்டா. என் வீட்டுல திருடறதுக்கு என்ன இருக்கு, ஃபைல்தான் இருக்கு" என்றான். ஆராயி, "நல்லா இருக்கீங்களா அய்யா? அம்மா திவசம் இந்த மாசம்தானே?" என்று கேட்டாள். கேட்காமலே சர்க்கரை போடாத காபியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் குடித்தேன். டம்ளர் நழுவவில்லை. நூலாசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

வீட்டில் எத்தனையோ புத்தகம் இருக்க, இந்த நாவலையே எதற்குத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வைஷ்ணவி நிச்சயம் கேட்பாள். விறுவிறுப்பாக இருந்தது, அதனால்தான். எட்டு மாதம் சமையலறை வாசலில் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதும், அஞ்சலை அழுகிற இடங்களில் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோகும் என்பதும் எனக்குத் தேர்ந்தெடுத்தபோது தெரியுமா என்றால், தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசி அத்தியாயம் நெருங்க நெருங்க எனக்கு ஜட்ஜின்மேல் எரிச்சல் வந்தது. அவ்வளவு சுலபமாக எழுந்து நின்றுவிடுகிறாரே. ஆகவே அவரை உட்கார வைத்தேன்.

ஆராயி குறுக்கிட்டிராவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எழுதுவது குற்றவுணர்ச்சியால் அல்ல என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். பத்ரி எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டான். கேட்ட விளக்கத்தைக் குறித்த தேதிக்குள் கொடுப்பது என் பழக்கம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உங்களில் யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். படிக்கப்போகிறவள் ஆராயி என்பதால் தமிழில் எழுதினேன். அவளைப் பற்றிய விஷயத்தை அவள் வாயாலேயே நீங்கள் கேட்பதுதான் முறை என்று பட்டது. நான் எழுந்து நின்று சொல்வதைவிட அது மேல். எனக்கு முழங்கால் வலி வேறு.

சுருக்கமாகச் சொன்னால்: தோடுகளை ஆராயி எடுக்கவில்லை. எடுத்தவன் நான். அவள் எடுக்கவில்லை என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். கிடைத்த பிறகும் இரண்டரை வருஷம் வாய் திறக்காமல் இருந்தவன் நான். அவை இப்போது என் கோட்டின் உள்பையில் இருக்கின்றன. நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் வழக்கமான நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே, எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு வேலைக்காரியின் முன்னால் என்னைத் தாழ்த்திக்கொண்டு, அவளுக்கு உரிய மரியாதையை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிற திருப்தி எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு, சேஷன்.

ஆராயி, படித்து முடித்தாயிற்றல்லவா, எல்லாரும் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள் பார், போய்க் காபி கொண்டுவா. எனக்குச் சர்க்கரை வேண்டாம், உனக்குத்தான் தெரியுமே.